வேலை போன ஜெ. செல்வினை மில்பிடாஸிலிருந்து பேர்லேண்ட் வரை கொண்டுபோய் விட்டதும், பாதி வழி லியாங் உடன் வந்ததும்

செல்வினுக்கு வேலை போன சேதி வந்தபோது நான் நியூ ஜெர்ஸியில், பார்சிப்பனியில், என் கார் கண்ணாடியின் மேல் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஒன்று, மார்ச் மாதம். கலிஃபோர்னியாவில் மில்பிடாஸிலிருந்து போன்.

“ஏல, வேல காலி. காலைல மீட்டிங்னு கூப்பிட்டானுவ, மத்தியானத்துக்குள்ள ஒரு அட்டப்பெட்டியக் குடுத்து வாசல்ல விட்டுட்டானுவ,” என்றான். பக்கத்துத் தெருவில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற குரல்.

செல்வினும் நானும் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். அவன் பாளையங்கோட்டை. எங்கள் இருவருக்கும் விசா வேலையோடு ஒட்டியது. வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். எத்தனை நாளில் என்பதில் வக்கீலுக்கு வக்கீல் கருத்து வேறுபாடு. ஒருவர் அன்றைக்கே என்றார், இன்னொருவர் ஒரு மாதம் தாங்கும் என்றார். செல்வினுக்கு ஒரே ஒரு வழிதான் திறந்திருந்தது. டெக்ஸாஸில் பேர்லேண்டில் அவன் அக்கா இருக்கிறாள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் திங்கட்கிழமை இன்டர்வியூ. அவர்கள் எடுத்துக்கொண்டு விசாவுக்கு மனுப் போட்டால் இருக்கலாம். இல்லாவிட்டால் ஊர்.

“காரையும் சாமானையும் அக்கா வீட்டுக்குக் கொண்டு போவணும். அவ்வளவு தூரம் ஒத்தையில ஓட்ட முடியாது. வாரியா?”

உடனே சரி என்றேன். நட்பு மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். மில்பிடாஸ் ஆபீசில் செல்வினுக்கு அடுத்த இருக்கை லியாங் என்ற சீனனுடையது. நானோ அப்போது ஒரு பழைய சீனக் கவிஞரை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். மதுரையிலிருந்து வரும் ஒரு சிற்றிதழ் போடுவதாகச் சொல்லியிருந்தது. சீனம் தெரிந்த ஒருவரிடமும் அதுவரை காட்டியதில்லை.

கவிஞரின் பெயரை நான் சொன்னால் சீனர்களுக்குப் புரியாது. தமிழில் எழுதினால் அவருக்கே புரியாது. எனவே இந்தக் கட்டுரையில் அவர் வெறும் ‘கவிஞர்’. ஆயிரத்து இருநூறு வருடங்களுக்கும் முந்தையவர். அரசாங்கப் பரீட்சையில் தோற்றவர். தலைநகரில் பத்து வருடம்போல் ஒரு வேலைக்காகப் பெரிய மனிதர் வீட்டு வாசல்களில் காத்துக் கிடந்தவர். கடைசியில் கிடைத்தது ஆயுதக் கிடங்கில் ஒரு சின்ன உத்தியோகம். அதில் உட்காரும் நேரத்துக்கு நாட்டில் கலகம் வெடித்தது. அதன்பின் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் ஊராக அலைந்தார். முதன்முறை இந்த வாழ்க்கைக் குறிப்பைப் படித்தபோது, எங்கள் அப்பார்ட்மெண்ட் கட்டடத்தில் இப்படி ஏழெட்டுப் பேர் இருக்கிறார்களே என்றுதான் தோன்றியது.

நான் போய் இறங்கியபோது மில்பிடாஸில் வெயில். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். கடைகள் வரிசையாக இருந்த ஒரு வளாகத்தில் ஒரு பக்கம் தோசை, எதிர்ப்பக்கம் வியட்நாம் நூடுல்ஸ், நடுவில் வரி நிரப்பித் தருகிறவர். தோசைக் கடையில் எங்கள் பின் மேசையில் இரண்டு சென்னைக்காரர்கள்.

“உங்க ஆபீஸ்ல சோடா இன்னும் ஃப்ரீயா?”

“போன வாரம் நிறுத்திட்டாங்க.”

“அப்ப ரெஸ்யூமே ரெடி பண்ணிக்கோ பாஸ்.”

கேட்டவர் ஜோசியர் மாதிரிச் சொன்னார். சொல்லிவிட்டுச் சாம்பார் இன்னொரு கிண்ணம் கேட்டார்.

லியாங் அங்கேயே வந்து சேர்ந்தான். முப்பது வயது இருக்கும். ஒல்லி, எப்போதும் எதையோ மறந்துவிட்ட முகம். அவன் வேலை இன்னும் போகவில்லை. அவனுடைய பிரிவை ஆட்குறைப்பின் இரண்டாம் தவணைக்கு வைத்திருந்தார்கள். எங்களோடு லாஸ் ஏஞ்சல்ஸ் வரை வருவதாகச் சொன்னான். அங்கே அவனுக்கு ஓர் அத்தை இருக்கிறாளாம்.

நான் கவிஞரின் பெயரை எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டான். முகம் விழுந்துவிட்டது.

“அவரா? அவர் குடிசை போட்டிருந்தது எங்கள் ஊரில்தான். இப்போது அது பூங்கா. பள்ளிக்கூடத்திலிருந்து வருஷா வருஷம் கூட்டிப் போவார்கள். ஒரே கொசு. எனக்குக் கவிதை பிடிக்காது.”

என் உற்சாகம் பாதி அங்கேயே வடிந்தது.

மறுநாள் காலை புறப்பட்டோம். செல்வினின் அமெரிக்க வாழ்க்கை முழுவதும் ஒரு பழைய காருக்குள் அடங்கிவிட்டது. அடங்காதது வெட் கிரைண்டர். கோயம்புத்தூரிலிருந்து யாரோ தூக்கி வந்து யாருக்கோ விற்று இவனிடம் வந்து சேர்ந்தது. பின் சீட்டில் லியாங்குக்குப் பக்கத்தில் அதை உட்காரவைத்து சீட் பெல்ட் போட்டோம். டிக்கி மூடமாட்டேன் என்றது. செல்வின் ஒரு லுங்கியைக் கிழித்து இழுத்துக் கட்டினான். ஃப்ரீவேயில் வேகம் எடுத்ததும் நீலக் கட்டம் போட்ட வால் படபடவென்று பறக்க ஆரம்பித்தது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கையாட்டினார்கள்.

“நம்ம ஊரா இருந்தா நடு ரோட்டுல மறிச்சு, ஏ லுங்கி பறக்குன்னு சொல்லியிருப்பான்,” என்றான் செல்வின்.

“இங்கேயும் சொல்கிறார்கள், காரை விட்டு இறங்காமல்,” என்றான் விஷயம் கேட்டுத் தெரிந்துகொண்ட லியாங்.

பூண்டு விளையும் ஓர் ஊரைத் தாண்டினோம். காற்றெல்லாம் ரசம் கொதிக்கிற வாசனை. அந்த வாசனையில் எனக்குத் தைரியம் வந்து, அச்செடுத்து வைத்திருந்த தாள்களை எடுத்தேன். எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைத் தமிழில் படித்து, பிறகு அதையே ஆங்கிலத்தில் லியாங்குக்குச் சொன்னேன். ஆற்றங்கரையில் ஒருவன் படகேறுகிறான், ஒருவன் கரையில் நிற்கிறான். அவ்வளவுதான் கவிதை.

“யார் படகேறுவது?” என்றான் லியாங்.

“யாரோ ஒருவன். அதுதானே அழகு.”

“யாரோ எப்படி ஆகும்? தலைப்பில் இருக்குமே.”

தலைப்பு இருந்தது. ஆங்கிலப் புத்தகத்தில் இரண்டு வரிக்கு நீண்டது. இன்ன குடும்பத்தைச் சேர்ந்த இன்னார், இன்ன உத்தியோகத்துக்கு மாற்றலாகி, இன்ன ஊருக்குப் போகும்போது வழியனுப்பியது. படித்தால் மாற்றல் உத்தரவு மாதிரி இருந்தது. அதனால் எடுத்துவிட்டேன். முப்பது கவிதைகளிலும் எடுத்துவிட்டு, ‘பிரிவு’, ‘நதி’, ‘இலையுதிர்காலம்’ என்று ஒற்றைச் சொல் வைத்திருந்தேன். கவிதைக்குள் வந்த ஆள் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும்கூட நாசூக்காக நீக்கியிருந்தேன்.

“எதற்கு?” லியாங்குக்கு உண்மையிலேயே புரியவில்லை.

நான் விளக்கினேன். எங்கள் பழைய காதல் கவிதைகளில் தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். யார் பெயரும் சொல்லக் கூடாது. சொன்னால் அது வேறு வகைக் கவிதை ஆகிவிடும். பெயர் இல்லாததால்தான் இரண்டாயிரம் வருடம் கழித்தும் அது எல்லோருக்கும் பொருந்துகிறது. இதைச் சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. நான் அவரைக் கெடுக்கவில்லை, நம் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்று முடித்தேன்.

லியாங் கிரைண்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டான். “பரீட்சையில் தலைப்பைத்தான் கேட்பார்கள். மாற்றி எழுதினால் மார்க் போச்சு. அதனால் எனக்குக் கவிதை மறந்துவிட்டது, தலைப்பு மறக்கவில்லை,” என்றான். “அந்தப் படகேறுகிறவன் ஒரு சாதாரண குமாஸ்தா. சரித்திரத்தில் வேறெங்கும் கிடையாது. அந்தத் தலைப்பில் மட்டும்தான் இருக்கிறான். அவனைத்தான் நீ எடுத்துவிட்டாய்.”

செல்வின் ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தான். “இங்கயும் லேஆஃபா? முப்பது பேரத் தூக்கிட்டியல, பாவி.”

நான் சண்டைக்குப் போனேன். கவிஞரின் புகழே பெயர்களைத் தாண்டித்தானே பரவியது என்றேன். அவர் காலத்துத் தொகுப்புகளில் அவரை அநேகமாக யாரும் சேர்க்கவில்லை. செத்து, சில தலைமுறைகள் போனபிறகுதான் கவிஞர்கள் அவரைத் தோண்டி எடுத்தார்கள். பிறகு அவரைப் போல எழுதாத ஆள் இல்லை. அவருடைய இயைபுச் சொற்களையே வரிசை மாறாமல் வைத்துப் பாட்டுக் கட்டி அவருக்குப் பதில் எழுதினார்கள். கொரியாவில் அரசாணை போட்டே மொழிபெயர்த்தார்கள். அந்தக் குமாஸ்தாவுக்காகவா இதெல்லாம்?

“இருக்கலாம்,” என்றான் லியாங். “ஆனால் அவர் எழுதியது குமாஸ்தாவுக்கு. கொரியாவுக்கு இல்லை.”

ஒரு காபிக்கு நிறுத்தலாம் என்றேன்.

லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பக்கத்தில், பலகை எல்லாம் சீன எழுத்தாக இருந்த ஓர் இடத்தில் சாப்பிட்டோம். மெனுவைப் பார்க்காமலேயே லியாங் ஏதேதோ சொன்னான். வந்ததில் ஒன்று பாகற்காய்! கறுப்பாக ஏதோ பயற்று விழுதுபோட்டு வதக்கியது. செல்வின் ஒரு தட்டு முழுவதையும் தனியாகத் தின்றான். “எங்க அம்ம இதுல கொஞ்சம் வெல்லம் போடுவா,” என்றான். வெல்லம் என்றால் என்ன என்று லியாங் கேட்டான். விளக்க முற்பட்டு, கடைசியில் கையைத் துடைக்கிற தாளில் கரும்புப் படம் போட்டோம். பரிமாறிய அம்மாள் அதை எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல, லியாங் சிரித்தான். “மூங்கிலை ஏன் சமைக்கப் போகிறீர்கள் என்கிறாள்.”

பில்லுக்கு நாங்கள் அடித்துக்கொண்டதில் லியாங் ஜெயித்தான். அத்தை வீட்டில் இறக்கிவிடுகிறோம், விலாசம் சொல் என்றான் செல்வின். வேண்டாம், நடந்துகொள்வேன் என்றான். நாங்கள் விடவில்லை. வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடாதது எங்கள் ஊரில் மரியாதை இல்லை என்றேன். லியாங் காதைச் சொறிந்தான்.

“அப்படியானால் பஸ் ஸ்டாண்டில் விடுங்கள்.”

“அத்தை?”

“அத்தை தைவானுக்குப் போய்விட்டாள்.”

“எப்போ?”

“பத்து வருஷம் இருக்கும்.”

செல்வின் வண்டியை எடுத்தான். நான் வைத்திருந்த ஆங்கிலப் புத்தகத்தின் முன்னுரையில் ஒரு பத்தி உண்டு. உத்தியோகம் மாறியோ இழந்தோ போகிறவனோடு நண்பர்கள் ஊர் எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவார்கள், ஒரு சாவடியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பிறகு அவன் போவான், இவர்கள் திரும்புவார்கள். நான் அதை அடிக்கோடிட்டே வைத்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் லியாங் செல்வினுடைய கையைக் குலுக்கினான். மில்பிடாஸ் திரும்ப ராத்திரி ஆகிவிடுமே என்றேன். “பஸ்ஸில் கழிப்பறை இருக்கிறது. உங்கள் காரைவிட வசதி,” என்றான். பையிலிருந்து எள்ளு உருண்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்து, அவன் இருந்த இடத்தில் கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

அதன்பின் பாலைவனம். அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. அது தன்னைப் பற்றியே எதுவும் சொல்லிக்கொள்ளாத ஊர். எள்ளுருண்டை தின்றோம், தூங்கினோம், ஓட்டினோம். டெக்ஸாஸுக்குள் வெகுதூரம் வந்தபிறகு, ஊரே இல்லாத இடத்தில் எல்லைக் காவல் சாவடி ஒன்று எல்லா வண்டிகளையும் மறித்தது. மெக்ஸிகோ பக்கம் என்பதால் வழக்கமான சோதனை. செல்வினின் விசாவில் தேதி இருந்தது. வேலைதான் இல்லை.

அதிகாரி குனிந்து, எந்த நாடு என்றார். பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினார். என்னிடம் எங்கே வேலை என்றார். நியூ ஜெர்ஸி என்றேன். அதே கேள்வியை செல்வின் பக்கம் திருப்புவதற்குள் அவர் கண் பின் சீட்டுக்குப் போனது.

“அது என்ன?”

“கிரைண்டர் சார். மாவு அரைக்க.”

“எதற்கு மாவு?”

செல்வினுக்கு அன்றைக்கு வந்த தோசை விளக்கம் எந்தச் சமையல் புத்தகத்திலும் வராது. அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு, வெந்தயம் ஏன், குளிர்காலத்தில் ஏன் புளிக்காது என்று மூச்சுவிடாமல் சொன்னான். எங்கள் பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின. அதிகாரி பாஸ்போர்ட்டுகளை நீட்டி, “என் மனைவி பெட்டியில் வருகிற மாவைத்தான் கலக்குவாள்,” என்று பெருமூச்சு விட்டுப் போகச் சொன்னார்.

ஒரு மைல் தாண்டித்தான் செல்வின் பேசினான். “கேட்டிருந்தா உண்மையத்தாம்ல சொல்லியிருப்பேன். இன்டர்வியூவுக்குப் போறேன்னு.”

“தெரியும்,” என்றேன். தெரியாது.

பேர்லேண்டில் நடந்து போகிறவர் என்று ஒரு மனிதரைப் பார்க்கவில்லை. பெரிய வீடு, பெரிய வானம், கார். அக்கா அங்கே குழந்தைகள் டாக்டர். அத்தான் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர். ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கூட்டிப் போனார்கள். அது முடிந்ததும் கார் நேராக பேர்லேண்டிலேயே இருந்த மீனாட்சி கோயிலுக்குத் திரும்பியது. நான் முழித்தேன்.

“அங்க ஆத்துமாவுக்கு, இங்க தோசைக்குத் தம்பி. கேன்டீன் நல்லாருக்கும்,” என்றாள் அக்கா. கோபுரத்தின் கீழே இன்னும் மூன்று கிறிஸ்தவக் குடும்பங்கள் எங்களுக்கு முன்பே தட்டோடு உட்கார்ந்திருந்தன. அத்தான் ஒவ்வொரு மேசையாகப் போய் மச்சினனுக்கு நாளைக்கு இன்டர்வியூ என்று அறிவித்தார். ஓர் அங்கிள் செல்வினின் தோளைத் தட்டி, “கான்ஃபிடன்டா பேசணும், ஐ கான்டாக்ட் முக்கியம்,” என்றார். செல்வின் அவர் கண்ணைப் பார்த்தபடியே வடை தின்றான்.

திங்கட்கிழமை அக்கா அத்தானின் டையைக் கட்டி அனுப்பினாள். மத்தியானம் திரும்பி வந்தான். ஷூவைக் கழற்றி நேராக அடுக்கி வைத்தான். அதிலேயே தெரிந்துவிட்டது, அவன் ஷூவை அடுக்கி நான் பார்த்ததே இல்லை.

“நல்ல மனுஷன்க்கா. ஆஸ்பத்திரியெல்லாம் சுத்திக் காட்டுனாரு. பிஸ்கட் குடுத்தாரு. என்ன ரொம்பப் பிடிச்சிருக்காம். ஆனா புது ஆள் எடுக்கக் கூடாதுன்னு இன்னைக்குக் காலைலதான் மேலருந்து சொல்லிட்டாங்களாம். ஜூலைக்கு மேல கூப்பிடுங்காரு.”

“ஜூலை வரைக்கும் எப்படில இருப்ப?” என்றாள் அக்கா.

“அதான் இருக்க முடியாதே.”

அத்தான், டாலஸில் ஒருவர் இருப்பதாகவும், வேலை இல்லாமலே வேலையில் இருக்கிற மாதிரிக் காகிதம் போட்டு வைப்பார் என்றும் மெல்ல ஆரம்பித்தார். செல்வின் பாதியிலேயே தலையாட்டி மறுத்தான். “அந்தச் சாவடில ஒருக்கா நின்னதே போதும் அத்தான். நாளெல்லாம் நிக்க முடியாது.”

பிறகு ஊருக்குப் போன் போட்டான். வேலை போனதை அதுவரை வீட்டில் சொல்லவில்லை. அக்கா ஸ்பீக்கரை அமுக்கினாள். அப்பாவின் குரல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தது.

“அப்பா, நான் ஊருக்கு வாரேன்.”

“சரி. எத்தன நாள் லீவு?”

“லீவு இல்லப்பா.”

கடல்களைத் தாண்டி அந்த வரி போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. அக்கா மேசைத் துணியின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி,” என்றது குரல் மறுபடியும். “மெட்ராஸ்லருந்து ரயிலா, பஸ்ஸா? சொல்லு. ஸ்டேஷனுக்கு வாரேன்.”

மறுநாள் என் விமானம். வழியனுப்ப வந்தவனை வழியனுப்ப செல்வின் வந்தான். சென்னையில் வழியனுப்புகிற கூட்டம் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட வேண்டும். உள்ளே போனவன் திரும்பிக் கையாட்டுவது யாருக்கும் தெரியாது. இங்கே அப்போது விமானத்தின் வாசல் வரைக்கும் யார் வேண்டுமானாலும் வர முடிந்தது. கடைசி நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, செல்வின் என் தாள்களை வாங்கிப் புரட்டினான். லியாங்கோடு பேசியதிலிருந்து ஒவ்வொன்றின் மேலும் நீண்ட தலைப்பைப் பேனாவால் திரும்ப எழுதிக்கொண்டு வந்திருந்தேன். சில கவிதைகளுக்குத் தலைப்பு உடம்பைவிடப் பெரிதாக இருந்தது.

“இவனெல்லாம் ஆரு, எங்க போய்ச் சேர்ந்தான்னு தெரியுமா?”

“தெரியாது. கிளம்பினான்னு மட்டும் தெரியும்.”

“அது போதும்.” தாள்களைத் திருப்பித் தந்தான். “இந்தப் பயணத்த எழுதுவியா?”

“எழுதலாம்னு.”

“எழுதுனா எம் பேரப் போட்டுரு, என்ன? நண்பன் கிண்பன்னு போடாத. இனிஷியலோட போடு.”

கூப்பிட்டார்கள். வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி எதுவும் நடுவில் இல்லை. இரண்டு வாரத்தில் அவனும் கிளம்பினான். கிரைண்டர் பேர்லேண்டிலேயே தங்கிவிட்டது.

கவிதைகளும் இந்தக் கட்டுரையும் மதுரைக்கு ஒன்றாகப் போயின. ஆசிரியர் போன் செய்தார். கவிதைத் தலைப்புகளை ஒருவாறு பொறுத்துக்கொண்டார்.

“கட்டுரைக்கும் தலைப்பு இவ்வளவு நீளமா தம்பி? பக்கத்துல நிக்காது. ‘நண்பனோடு ஒரு பயணம்’னு வெச்சுக்கட்டுமா?”

“கூடாது சார்,” என்றேன். “இடம் பத்தலைன்னா கீழே கட்டுரையில வெட்டிக்கோங்க.”